புலன்கடந்த அறிவு: ஆராய்ச்சி வரலாற்றிற் கொழும்பின் இடம்

கண்ணாற் காணாததையும் செவியாற் கேளாததையும் மனிதன் அறிதல் கூடுமோ என்னும் வினா மிகப் பழையதொன்று. சேய்மையில் வாழும் மகனுக்கு நேர்ந்த இடரை அந்நேரத்திலேயே தாயின் நெஞ்சு உணர்ந்து பதைத்தது என்பது போன்ற செய்தி வழங்காத குடும்பம் நம்மிடையே அரிது. அதனைக் கேட்டவுடன் நம்புவோரும் உளர். கேட்டவுடன் நகைப்போரும் உளர். நம்புதற்கும் நகைத்தற்கும் முன்னர், எவ்வாற்றான் ஆராய்ந்து துணிவது என்று கேட்போர் சிலரே. அச்சிலர் கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளாக மேற்கொண்ட முயற்சிகளையும், அவற்றுள் நம் கொழும்பு மாநகர் பெற்ற இடத்தையும் சுருக்கமாக எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் முன்னோர் இவ்வினாவை அறியாதவரல்லர். பதஞ்சலியாரின் யோகசூத்திரத்து மூன்றாம் பாதம் யோகியர் எய்தும் சித்திகளுள் பிறர் உள்ளத்தை அறிதலையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரோ, பொருள்களை ஆராயப் புகுமுன் அவற்றை அளந்தறியும் அளவைகளை ஆராய்கின்றது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனைய அளவைகளெல்லாம் அடங்கும் என்பது சித்தாந்திகள் துணிபு. அவற்றுட் காண்டல், வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படும். இடத்தாலும் காலத்தாலும் சேய்மைப்பட்டவற்றை யோகநெறியில் நின்றார் அறிவது யோகக்காட்சியாம். எனவே புலன்கடந்த அறிவுக்கு நம் தருக்க நூலார் ஓர் இடம் ஒதுக்கியே வைத்தனர்.

எனினும் அவர்கள் இடம் ஒதுக்கியதோடு அமையவில்லை. குற்றியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றை அரவெனத் துணிவது திரிவு. இவ்விரண்டும் நீங்கிய பின்னரே காட்சி அளவையாகும் எனவும் வரையறுத்தனர். இவ்வரையறையை உரைகல்லாகக் கொண்டு நோக்கின், பிற்கால ஆராய்ச்சி முழுவதும் எளிதில் விளங்கும். ஆராய்ச்சியாளருள் முதல் வகுப்பார் பிறர் உரையைத் திரட்டினர். அடுத்தவர் எண்களைக் கொண்டு கருதியறிய முயன்றனர். மற்றொருவர், "என் கண்முன் காட்டுக" என்று கேட்டு நின்றார். அவர் வாழ்ந்த இடம் நமது வெள்ளவத்தை.

உரை

1882 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உளவியற் புதிர்களை ஆராய்தற்கென ஒரு கழகம் நிறுவப்பட்டது. கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதற்றலைவர். உறுப்பினருள் ஒருவரான பிரெடெரிக் மயேர்ஸ், புலன்களின் துணையின்றி ஓருள்ளத்தினின்று மற்றோருள்ளத்துக்குக் கருத்துச் செல்வதைக் குறிக்க, 'தொலைவு', 'உணர்ச்சி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'ரெலிபதி' என்னும் சொல்லை அவ்வாண்டிலேயே ஆக்கினார். தமிழில் அதனைத் தொலையுணர்வு என்போம்.

கழகத்தார் முதலிற் கைக்கொண்ட முறை சான்றுரைகளைத் திரட்டுதல். ஒருவர் இறக்கும் வேளையில் அவருருவம் சேய்மையிலுள்ள உறவினருக்குத் தோன்றியது என்பது போன்ற 702 நிகழ்ச்சிகளை 1886 ஆம் ஆண்டில் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். பின்னர், இத்தகைய தோற்றங்கள் தற்செயலாக எத்துணை நிகழும் என அறியும்பொருட்டு, 17,000 பேரை வினாவி, 1894 ஆம் ஆண்டில் அதன் பயனை அறிக்கையாக்கினர். தற்செயலால் எதிர்பார்க்கத்தக்கதினும் பன்மடங்கு மிகுதியாக இவ்வுருவத் தோற்றங்கள் இறப்போடு பொருந்தின என்பது அவர்கள் முடிபு. ஆயின் இம்முடிபு முற்றிலும் மாந்தர் நினைவையே பற்றி நின்றது. பலித்த கனவு நெஞ்சில் நிலைக்கும். பலியாத கனவு விடியுமுன் மறையும். மகனை எண்ணிப் பதைத்த இரவுகளுள், தீங்கொன்றும் நேராத இரவுகளைக் கணக்கிட்டு வைத்த தாய் எவருமிலர். இதுவே உரையளவையிற் புகும் திரிவு.

இக்கழகத்தின் கை தமிழகத்துக்கும் நீண்டது. பிரமஞான சபையைக் கேணல் ஒல்கொற்றும் பிளாவற்ஸ்கி அம்மையாரும் 1875 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நிறுவியிருந்தனர். 1873 ஆம் ஆண்டில் நிகழ்ந்த பாணந்துறை வாதத்திற் பௌத்தர் பக்கம் நின்று வாதாடியவர், கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராம விகாரையில் வாழ்ந்த மிகெட்டுவத்தை குணானந்த தேரர். அவ்வாதத்தை நூலாக்கி அமெரிக்காவிற் பரப்பியவர் ஆவிகளோடு பேசுதலில் ஈடுபாடு மிக்க பீபிள்ஸ் என்பவர். அதனால் ஈர்க்கப்பட்ட ஒல்கொற் 1880 ஆம் ஆண்டு மே மாதத்திற் காலித் துறையில் வந்திறங்கினார். பௌத்த கல்வி மறுமலர்ச்சியில் அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. அவர் அமெரிக்காவில் ஆவித் தோற்றங்களை ஆராயப் புகுந்து இத்துறைக்கு வந்தவர் என்பதும், 1882 ஆம் ஆண்டிற் காலியில் கையசைவினால் நோய் தீர்க்கத் தொடங்கினார் என்பதும் பலர் மறந்த செய்திகள்.

அவ்வாண்டின் இறுதியில் அவர்தம் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு மாறியது. அங்கே, இமயத்தில் வாழும் மகாத்துமாக்கள் எழுதியனவென்று கூறப்பட்ட கடிதங்கள் ஒரு பேழைக்குட் புதிராகத் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. 1884 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இதழ், அப்பேழையின் சூழ்ச்சி பற்றிப் பிளாவற்ஸ்கி அம்மையாரே எழுதியன என்று சில கடிதங்களை வெளியிட்டது. கல்லூரி இதழொன்று உலகளாவிய வழக்கொன்றைத் தொடக்கி வைத்ததை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக! இலண்டன் கழகத்தார் றிச்சட் ஹொட்சன் என்பவரை அடையாற்றுக்கு அனுப்பினர். அவர் 1884 டிசெம்பர் முதற் சில திங்கள் தங்கி ஆராய்ந்து, அம்மையாரின் அற்புதங்கள் ஏமாற்றென அறிக்கையளித்தார்; அது 1885 இல் வெளிவந்தது. நூறாண்டின் பின், 1986 ஆம் ஆண்டில், அவ்வறிக்கை நடுநிலை தவறியது எனக் கையெழுத்து வல்லுநரான வேர்ணன் ஹரிசன் அதே கழகத்தின் இதழில் எழுதினார். உரையை உரையால் மறுத்து, அம்மறுப்பையும் உரையால் மறுக்கும் இம்முறைக்கு எல்லையில்லை என்பது புலனாயிற்று.

இவ்விடத்தில் திருவள்ளுவரை நினைத்தல் தகும். பிறர் சொல்லாமலே அவர் உள்ளத்தை அறிபவனை அவர் மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றுகின்றார். குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்களும் வகுத்துள்ளார். ஆயின் ஆண்டு அவர் காட்டும் கருவி முகமும் கண்ணுமேயன்றிப் புலன்கடந்த ஆற்றலன்று. மேனாட்டு ஆராய்ச்சியாளர் இவ்வுண்மையை ஒரு குதிரையிடமிருந்து கற்க நேர்ந்தது. கணக்குக்கு விடை கூறுவதாகப் புகழ்பெற்ற ஜேர்மனியக் குதிரையொன்று, வினாவுவோரின் தலையசைவையும் உடலசைவையும் கண்டே குளம்பினால் தட்டுவதை நிறுத்தியது என 1907 ஆம் ஆண்டில் ஒஸ்கார் புங்ஸ்ற் காட்டினார். வினாவினோர் தாம் குறிப்புக் காட்டியதைத் தாமே அறியார். தொலையுணர்வு எனத் தோன்றுவதிற் குறிப்பறிதல் எத்துணை என்பதை வேறுபிரித்தாலன்றி உண்மை தோன்றாது.

கருதல்

இக்குறைகளை நீக்கும்பொருட்டு அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜே. பி. றைன் புதியதொரு வழியை வகுத்தார். வட்டம், சிலுவை, அலைக்கோடு, சதுரம், உடு என்னும் ஐந்து குறிகளுள் ஒவ்வொன்றும் ஐவைந்தாக வரைந்த 25 அட்டைகள் கொண்ட கட்டு அவருடைய கருவி. கட்டைக் கலைத்து, காணாமலே ஒவ்வோர் அட்டையின் குறியையும் ஒருவர் கூறுதல் வேண்டும். வெறும் ஊகத்தினால் 25 இற்கு 5 சரியாக அமையும். நெடுங்காலம் தொடர்ந்து அதனினும் மிகுமாயின், ஊகத்தின் வேறாகிய ஒன்று தொழிற்படுகின்றது எனக் கருதியறியலாம். புகையைக் கொண்டு நெருப்பை உய்த்துணரும் அனுமானம் போல்வது இது. 1934 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரபரப்பை விளைத்தது.

அவரிடம் பயின்ற ஹியூபேட் பியேர்ஸ் என்னும் இறையியல் மாணவர் ஒரு கட்டடத்திலும், அட்டைகளைக் கையாண்ட பிராற் என்பவர் மற்றொரு கட்டடத்திலும் இருந்து நடத்திய பரிசோதனையில், 1,850 முயற்சிகளுள் 558 சரியாயின. ஊகத்தால் எதிர்பார்க்கத்தக்கவை 370. இவ்வேறுபாடு தற்செயலால் அமைதற்கரியது. ஆயின் 1960 ஆம் ஆண்டில் அவ்விடத்தை நேரிற் சென்று பார்த்த ஹன்சல் என்னும் உளவியலாளர், பியேர்ஸ் தம் அறையை விட்டு வெளியேறாதவாறு காத்தவர் எவருமிலர் என்பதைச் சுட்டிக்காட்டினார். அவர் ஏமாற்றினார் என்பதற்குச் சான்றில்லை. ஏமாற்ற இயலாதிருந்தது என்பதற்கும் சான்றில்லை. எண் பொய் சொல்லாதெனினும், எண் பிறந்த அறையின் கதவு திறந்திருந்தது.

இலண்டனில் சோல் என்னும் கணிதவியலாளர் 1941 முதல் 1943 வரை நடத்திய பரிசோதனைகள் குற்றமற்றவையென நெடுங்காலம் போற்றப்பட்டன. 1978 ஆம் ஆண்டில் பெற்றி மார்க்விக் என்னும் பெண்மணி, கணினியின் துணைகொண்டு அவ்வெண்களை ஆராய்ந்து, வெற்றிகள் பல பின்னர் செருகப்பட்ட இலக்கங்களில் அமைந்திருந்தன எனக் காட்டினார். 1974 ஆம் ஆண்டில் றைனின் சொந்த நிறுவனத்திலேயே அதன் பணிப்பாளராயிருந்த இளைஞர் கருவியின் பதிவைத் திரித்தமை உடனுழைத்தோரால் கண்டுபிடிக்கப்பட, றைனே அதனை உலகுக்கு அறிவித்தார். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொய்யை வெளிப்படுத்தியோர் இத்துறையைச் சார்ந்தோரே என்பது குறிப்பிடத்தக்கது. தம் துறையின் மாசைத் தாமே துடைக்க முன்வருதல் எளிதன்று.

இந்தியாவில் இம்முறையைப் பல்கலைக்கழகக் கல்வியாக நிலைநாட்டியவர், டியூக்கில் றைனோடு பணியாற்றிய கோ. இராமகிருஷ்ண ராவ். அவர் முயற்சியால் 1967 ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்து ஆந்திரப் பல்கலைக்கழகத்திற் புலன்கடந்த உளவியலுக்கென ஒரு துறை தோன்றியது. அவர் பின்னர் றைனின் நிறுவனத்துக்குத் தலைவராகவும், அப்பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் விளங்கி, 2021 ஆம் ஆண்டில் மறைந்தார்.

எண்ணின் இயல்பை மாணவர்க்கு விளக்கும்பொருட்டு, சில ஆண்டுகளின் முன் என் உயர்தர வகுப்பில் யானும் தடித்த தாளில் 25 அட்டைகள் வரைந்து இப்பரிசோதனையை நடத்தினேன். மாணவர் நாற்பதின்மர். சராசரி ஐந்தை ஒட்டியே அமைந்தது. ஒரு மாணவன் மட்டும் பத்துச் சரியாகக் கூறினான். வகுப்பு ஆரவாரித்தது; அன்று முதல் அவனுக்குச் 'சித்தர்' என்பதே பெயராயிற்று. அடுத்த வாரம் மீண்டும் முயன்றபோது அவன் நான்கே சரியாகக் கூறி நாணி நின்றான். ஒருவர் பத்தோ அதன் மேலோ பெறுதல் ஊகத்தால் ஏறத்தாழ அறுபதில் ஒரு முறை நிகழும். நாற்பதின்மர் உள்ள வகுப்பில் அத்தகைய ஒருவன் தோன்றுதல் வியப்பன்று எனக் கரும்பலகையிற் கணித்துக் காட்டினேன். மாணவர் ஒப்புக்கொண்டனர். ஆயினும் பெயர் மாறவில்லை; இன்றும் அவனைச் 'சித்தர்' என்றே அழைக்கின்றனர். பலித்ததைப் பற்றிக்கொண்டு பலியாததை நழுவவிடும் மனித இயல்புக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யான் கண்டதில்லை.

காண்டல்

இனி, மூன்றாம் முறைக்கு வருவோம். கொழும்பு ஆறு, பாமன்கடை ஒழுங்கையில் 'திருவல்லா' என்னும் பெயர் பூண்ட இல்லத்தில் வாழ்ந்தவர் ஆபிரகாம் கோவூர். அவர் 1898 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்தார். தந்தையார் மார்த்தோமாத் திருச்சபைக் குருமாருள் உயர்ந்த பதவி வகித்தவர். கல்கத்தாவிற் கற்றுத் தாவரவியலில் வல்லவரான கோவூர், 1928 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பின் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசைப் பரிசுத்த தோமையர் கல்லூரி ஆகியவற்றிலும் கற்பித்து, கொழும்புத் தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். யாழ்ப்பாணத்தில் ஓராண்டு அவருக்குத் திருமறைப் பாடமும் தரப்பட்டதாம். மாணவர் சோதனையில் நன்கு சித்தியெய்தியும் மறு ஆண்டு அப்பாடம் அவருக்குத் தரப்படவில்லை. காரணம் வினாவியபோது, மாணவர் பாடத்திற் சித்தியெய்தினராயினும் சமயத்திற் பற்றிழந்தனர் என அதிபர் விடையிறுத்தாராம். இது அவரே மகிழ்ந்து கூறிவந்த செய்தி.

அவர் உடன்பிறந்தாரான கோவூர் பெகனான் என்பவர் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்று, யோகப்பயிற்சியை இந்தியாவில் நேரிற் பயின்று ஆராய்ந்து, 1937 ஆம் ஆண்டில் அதனை அறிவியல் நோக்கில் மதிப்பிடும் நூலொன்றை வெளியிட்டவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவர் யோகத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் அளக்க, மற்றொருவர் சித்தி பெற்றோம் என்பாரைச் சோதனைக்கு அழைத்தமை நினைக்கத்தக்கது.

1960 ஆம் ஆண்டில் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கம் நிறுவப்படுதற்குத் துணைநின்ற கோவூர், தம் இறுதிக்காலம் வரை அதன் தலைவராயிருந்தார். 1963 ஆம் ஆண்டில் அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழ்நிலையில், தாம் குறித்த செயல்களுள் ஏதேனும் ஒன்றையேனும் செய்து காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபா பரிசு என்பதே அது. வருவோர் ஆயிரம் ரூபா வைப்புப் பணமாகக் கட்டுதல் வேண்டும். உறையிட்டு மூடிய பணத்தாளின் தொடரிலக்கத்தைப் படித்தல், பிறர் உள்ளத்தில் நினைத்ததைத் தொலையுணர்வால் அறிதல், மறைத்து வைத்த பொருளைக் காணுதல், எரியும் தணலின்மேல் அரை நிமிடம் கால் கொப்புளியாது நிற்றல், நீர்மேல் நடத்தல் முதலியன அப்பட்டியலில் இடம்பெற்றன. சோதிடரும் விடுபடவில்லை. பத்துச் சாதகங்களைக் கொண்டு ஆண் இது பெண் இது, உயிரோடிருப்பவர் இவர் இறந்தவர் இவர் எனப் பிரித்துக் காட்டுதல் அவர்க்குரிய சோதனை. 1978 ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 ஆம் நாள் அவர் கொழும்பிற் காலமாகும்வரை அப்பரிசைப் பெற்றார் எவருமிலர்.

பரிசு வைத்து அழைக்கும் வழக்கம் அவர் தொடங்கியதன்று. 1922 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிவியல் இதழொன்று அவ்வாறு செய்ததுண்டு. ஆயின் மந்திரவித்தைக்காரரான ஜேம்ஸ் றண்டி 1964 ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற அறைகூவலை விடுத்தற்கு ஓராண்டு முன்னரே வெள்ளவத்தையில் அது ஒலித்தது. கோவூரின் பின் கோவை மாவட்டத்துப் போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் அவ்வறைகூவலை ஏற்றுத் தொடர்ந்து, 2009 ஆம் ஆண்டில் மறையும்வரை நடத்தினார்.

கோவூர் பரிசறிவித்துத் தம் இல்லத்தில் அமர்ந்திருந்தவரல்லர். கல் விழும் வீடுகளுக்கும் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டோரிடமும் நேரிற் சென்றார். அத்தகைய வீடுகளிற் கல்லெறிந்த கை உயிரோடிருக்கும் கையே என்பதையும், அதன் பின்னால் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லவியலாத துன்பமொன்று மறைந்திருந்ததையும் கண்டார். அறிதுயிற் சிகிச்சையால் பலர் மனநோயைத் தீர்த்தார். அவருடைய குறிப்பேட்டு நிகழ்ச்சியொன்றே 1972 ஆம் ஆண்டில் மலையாளத்திற் 'புனர்ஜன்மம்' எனவும், 1973 ஆம் ஆண்டில் தமிழில் 'மறுபிறவி' எனவும் திரைப்படமாயிற்று. தம் கண்களைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவக் கல்விக்கும் வழங்கி, என்புக்கூட்டைத் தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அளிக்கப் பணித்திருந்தார். இறந்த பின்னரும் ஆசிரியராயிருக்க விரும்பியவர் அவர் எனலாம்.

அவர் முறையின் வலிமையும் எல்லையும் யாவை? உறையிட்ட பணத்தாள் மிக நுண்ணிய கருவி. அதற்கு முகமில்லை, ஆகவே குறிப்பறிய வழியில்லை. நினைவில்லை, ஆகவே திரிந்து கூற இயலாது. வேண்டியபோதெல்லாம் பிறர் நெஞ்சைப் படிப்பேன் என்பவர் அவ்வுறையின் முன் நின்று வெல்லுதல் வேண்டும். அல்லது தம் கூற்றைக் கைவிடுதல் வேண்டும். எனினும் பியேர்ஸ் பெற்றதாகச் சொல்லப்பட்ட அளவான, 25 இற்கு ஏழரை என்னும் மெல்லிய ஆற்றல் உண்மையில் உண்டெனக் கொள்வோம். அவ்வாற்றலுடையார் பணத்தாளின் இலக்கம் முழுவதையும் பிழையறப் படித்தல் இயலாது. எனவே கோவூரின் சோதனை பெருமிதம் பேசுவோரை மறுக்குமேயன்றி, மெல்லியதோர் ஆற்றல் இல்லையென நிறுவாது. அதனை அறிதற்கு எண்ணும் முறையே வேண்டும். அம்முறையோ இன்றுவரை எவரும் மீண்டும் செய்து உறுதிப்படுத்தத்தக்க பயனைத் தரவில்லை. 2011 ஆம் ஆண்டிற் கோர்ணெல் பல்கலைக்கழகத்துப் பெம் என்னும் பேராசிரியர், வருவதை முன்னுணரும் ஆற்றலுக்குச் சான்று கிடைத்ததென ஒன்பது பரிசோதனைகளை வெளியிட்டார். 2012 ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றைத் திரும்பச் செய்த பிரித்தானிய ஆராய்ச்சியாளர் மூவரும் அச்சான்றைக் காணவில்லை.

கோவூர் அறைகூவிய அதே காலத்தில், உரையளவையும் இலங்கையில் மீண்டும் தலையெடுத்தது. வேர்ஜீனியாப் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சன் 1961 ஆம் ஆண்டில் இங்கு வந்து, முற்பிறவி நினைவு கூறும் சிறுவரை ஆராய்ந்தார். 1966 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இருபது நிகழ்ச்சிகளுள் மூன்று இலங்கைக்குரியன. அச்சிறுவர் கூறியவற்றை மறுபிறவியாலன்றிப் புலன்கடந்த அறிவாலும் விளக்கலாமோ என அவரே வினாவி எடைபோட்டமை அவர் நேர்மைக்குச் சான்று. ஆயினும் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் ஆராய்ச்சியாளர் வருமுன்னரே இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசிவிட்டன என்னும் தடையை அவரும் முழுதும் தாண்டவியலவில்லை.

1956 முதல் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கின் மனமாற்றமும் ஈண்டுக் கருதத்தக்கது. 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் புகழ்பெற்ற புதினத்தில் மானிடத்தின் எதிர்காலத்தையே புலன்கடந்த ஆற்றலின்மேல் அமைத்த அவர், 1985 ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றிய தொலைக்காட்சித் தொடரொன்றையும் வழங்கினார். ஆயின் அப்புதினத்தின் பிற்பதிப்பொன்றில், தாம் ஏறத்தாழ முழு ஐயவாதியாகிவிட்டதாக முன்னுரை எழுதினார். விருப்பத்தோடு தேடியவர் சான்று காணாமல் தம் துணிபை மாற்றிக்கொண்டதே ஆராய்ச்சிப் பண்பு.

எஞ்சிய வினா

அற்புத ஆற்றல் உடையேம் என்போர் ஏமாற்றுவோராதல் வேண்டும், அன்றேல் மனநலம் குன்றியோராதல் வேண்டும் என்பது கோவூர் துணிபு. இவ்விடத்தில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. இவ்விரு வகுப்பினும் அடங்காத மூன்றாம் வகுப்பார் உளர்.

வெள்ளவத்தையில் யான் குடியிருக்கும் ஒழுங்கையில், வன்னியிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார் ஓர் அம்மையார். 2009 ஆம் ஆண்டில் அவர் மகன் காணாமற்போனான். எழுதாத மனுவில்லை, ஏறாத படியில்லை. ஈற்றில் ஒருவர் சொற்கேட்டுக் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் அஞ்சனம் பார்ப்பவர் ஒருவரிடம் சென்றார். வெற்றிலையில் மை தடவிச் சிறுபிள்ளையொன்றை நோக்கச் செய்து, நீர் சூழ்ந்த இடமொன்றில் மகன் உயிரோடிருக்கின்றான், தைக்கு முன் வருவான் என்றாராம் அவர். கையிலிருந்த காப்பு அதற்கு விலையாயிற்று. தை வந்து போயிற்று. ஒருநாள் மாலை அவ்வம்மையார் என்னை மறித்து, "மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள். என்ர பிள்ளை இருக்கிறானெண்டுதான் என்ர மனம் சொல்லுது. பெத்த மனம் பொய் சொல்லுமோ?" என்று கேட்டார்.

இலண்டன் கழகத்தின் 17,000 பேரையும், றைனின் அட்டைகளையும், கோவூரின் பணத்தாளையும் அறிந்திருந்தும் அவ்வினாவுக்கு என்னிடம் விடையிருக்கவில்லை. அவர் ஏமாற்றுபவரல்லர், மனநலம் குன்றியவருமல்லர். அவர் மனம் பொய் சொல்லவில்லை. தன் வேட்கையைச் சொல்லியது. அவ்வேட்கையைச் செய்தியெனக் கொள்வது திரிவு. அதனை விலைபேசுவது கொடுமை. உறையிட்ட பணத்தாளை முன்வைத்து வினாவும் துணிவு நம் சமுதாயத்துக்கு வேண்டுவது இக்கொடுமையைத் தடுத்தற்கே. அழுகின்ற தாயை நகைத்தற்கன்று.

ஆயின் ஏமாற்றைத் தடுத்தலோடு கடமை முடிவதில்லை. உரை என்னும் அளவைக்குச் சித்தாந்திகள் கொண்ட உயர்ந்த பொருளை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். எவருரையும் அளவையாகாது, உள்ளதை உள்ளவாறு அறிந்து, பொய் கூறாதானுடைய உரையே அளவையாம். 1990 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் காணாமற்போனோர் பற்றிச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு பதிவுசெய்த முறைப்பாடுகள் 16,000 இற்கு மேற்பட்டன. காணாமற்போனோருக்கென ஓர் அலுவலகம் அமைக்கும் சட்டம் 2016 ஆம் ஆண்டில் நிறைவேறி, அவ்வலுவலகம் 2018 ஆம் ஆண்டிற் பணி தொடங்கியது. ஒவ்வொரு முறைப்பாட்டின் பின்னும் ஒரு வீடு உளது. விடை வாராத வீடுகளின் வாயிலிலேயே அஞ்சனக்காரர் வந்து நிற்பர். அறிந்தவர் வாய் திறவாத இடத்தில், அறியாதவர் வெற்றிலையை நோக்கிப் பேசுவர்.

யோகக்காட்சி உண்டோ இன்றோ என்னும் வினாவை வருங்காலத்தார் எண்ணியும் ஆராய்ந்தும் துணிவாராக. அவ்வம்மையாருக்கு வேண்டுவது யோகக்காட்சியன்று. அறிந்தவர் ஒருவர், அறிந்ததை அறிந்தவாறே கூறும் ஓர் உரை.